நூறு ரூபாயில் நான்கு ரூபாய்

கிண்டியில் நான் பணிபுரியும் அரசுப் பள்ளியில், ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 28 அன்று காலை வணக்கக் கூட்டத்தில் ஒரே உரையைத்தான் சொல்லி வந்தேன். 1921-இல் சி.வி. ராமன் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பினார், கடலின் நீலத்தைக் கண்டு வியந்தார், அதற்கான காரணமே ராமன் விளைவு என்று முடிப்பேன்.

ஒருநாள் பத்தாம் வகுப்பில் ஒளியியல் பாடம் நடத்தும்போது ஒரு மாணவி கேட்டாள்: "சார், ராமன் சிதறல்ல அலைநீளமே மாறும்னு புத்தகத்துல இருக்கு. அப்போ கடல்ல எந்த நிறம் எதுவா மாறுது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "நாளைக்குச் சொல்றேன்மா" என்றேன். அன்றிரவு படித்தபோதுதான், இரண்டு வேறு செய்திகளை ஒன்றாக்கிப் பல ஆண்டுகள் சொல்லி வந்தது புரிந்தது.

நீர் மூலக்கூறுகள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கின்றன. சிவப்பு ஒளியை ஆழமான நீர் சிறிது சிறிதாக உட்கவர்ந்து கொள்கிறது. அதனால் கடல் நீலமாகத் தெரிகிறது. இந்தச் சிதறலில் அலைநீளம் மாறுவதில்லை. கப்பல் பயணம் ராமனை ஒளிச்சிதறல் ஆய்வுக்குள் இழுத்தது உண்மை. ஆனால் கொல்கத்தாவில் கே.எஸ். கிருஷ்ணனுடன் அவர் 1928-இல் கண்டது வேறொன்று.

மறுநாள் வகுப்பில் அதை ஒரு விளையாட்டாகச் செய்தோம். ஒரு மாணவன் 'ஒளி'. அவன் கையில் 100 ரூபாய்க்குக் காகிதப் பணம். இன்னொருவன் 'பென்சீன்'. அவன் 4 ரூபாய் மட்டுமே வாங்குவான். 3 கொடுத்தாலும் வேண்டாம், 5 கொடுத்தாலும் வேண்டாம். மூலக்கூறின் அதிர்வு படிக்கட்டு போன்றது. முதல் படியில் நிற்கலாம், இரண்டாம் படியில் நிற்கலாம், நடுவில் நிற்க முடியாது. அதனால் அது ஏற்கும் ஆற்றலும் குறிப்பிட்ட அளவாகவே இருக்கும்.

மீதி 96 ரூபாயுடன் வெளியேறும் ஒளியின் நிறம் சற்று மாறியிருக்கும். பாதரச விளக்கின் 435.8 நானோமீட்டர் நீல ஒளி பென்சீனில் பட்டால், சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி சுமார் 456 நானோமீட்டராக வருகிறது. ஆற்றலில் ஏறத்தாழ 4 சதவீதம் குறைவு. இதுவே ஸ்டோக்ஸ் வரி. ஏற்கெனவே அதிரும் மூலக்கூறு ஆற்றலைத் திருப்பிக் கொடுத்தால் ஆண்டிஸ்டோக்ஸ் வரி.

கார்பன் டெட்ராகுளோரைடு இதே ஒளியிடம் ஏறத்தாழ 2 ரூபாய் வாங்கும். உண்மையில் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இப்படிப் பல தொகைகள் உண்டு என்பதை மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும். ஒளியின் நிறத்தை மாற்றினாலும் அந்தத் தொகைகள் மாறுவதில்லை. எவ்வளவு குறைந்தது என்று அளந்தால் பொருள் எது என்று கண்டுபிடித்துவிடலாம். 1930-இல் நோபல் பரிசு பெற்ற இந்தக் கண்டுபிடிப்பு இன்றும் ஆய்வகங்களில் பயன்படுவது இதனால்தான்.

விளையாட்டு முடிந்ததும் அந்த மாணவியே சொன்னாள்: "அப்போ கடல் நீலத்துக்கு இது காரணம் இல்ல, சார்."

ஆசிரியர் நண்பர்களே, அடுத்த அறிவியல் நாள் உரையை எழுதுமுன் அந்த ஒரு வரியைச் சரிபார்த்துவிடுங்கள். என் உரையில் அதைத் திருத்திவிட்டேன்.