உங்களுக்குத் தெரியுமா? நாய்க்கு வியர்ப்பது உள்ளங்காலில்!

நம்மைப்போல் நாய்க்கு உடம்பெங்கும் வியர்த்துச் சூடு தணிவதில்லை. அதற்கு வியர்ப்பது பெரும்பாலும் உள்ளங்காலில் மட்டுமே; அது போதாது. நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதுதான் அதன் முக்கிய வழி. வாயிலும் நாக்கிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது உடல் குளிர்கிறது. பக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு மூச்சுப்பாதையே குறுகல் என்பதால், எவ்வளவு இரைத்தாலும் சூடு சரியாக இறங்காது. அக்னி நட்சத்திர மதியத்தில் இவற்றை வெளியே கூட்டிப்போகவே வேண்டாம்.

நாயின் இயல்பான வெப்பநிலை ஏறத்தாழ 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் மூளையும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். அடங்காத இரைப்பு, கெட்டியான எச்சில், தள்ளாட்டம், வாந்தி தெரிந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மொட்டைமாடித் தொட்டியில் காய்ந்த தண்ணீர் உதவாது. குடத்துத் தண்ணீர் நல்லது. ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விட்டால் சூடு உள்ளேயே தங்கிவிடும். பிறகு தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

பொமரேனியனுக்குக் கோடையில் மொட்டையடிப்பதும் தவறு. அந்த அடர்ந்த முடி வெயில் தோலைச் சுடாமல் காக்கிறது, சீவிவிட்டால் போதும்.

வளர்க்கும் விலங்குக்குப் போதிய உணவும் தண்ணீரும் தங்க இடமும் தராமல் விடுவது, 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வெயிலில் மாடியில் நாயைக் கட்டிப்போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.