ஐரோப்பியத் திருமண்டலம் (இங்கிலாந்து திருச்சபை)

ஐரோப்பியத் திருமண்டலம் என்பது இங்கிலாந்து திருச்சபையின் திருமண்டலங்களுள் பரப்பளவில் மிகப் பெரியதாகும். இதன் முறையான பெயர் 'ஐரோப்பாவில் ஜிப்ரால்ட்டர் திருமண்டலம்'. கேன்டர்பரி மாகாணத்தைச் சேர்ந்த இத்திருமண்டலம், பிரித்தானியத் தீவுகள் நீங்கலான ஐரோப்பா முழுவதையும், அத்துடன் மொரோக்கோ, துருக்கி, உருசியா போன்ற நாடுகளையும் உள்ளடக்கியது. 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் சிதறி வாழும் ஆங்கிலிக்கன் சபையார் இதன்கீழ் வருகின்றனர்.

வரலாறு

வணிகர்கள், தூதரக அலுவலர்கள், படைவீரர்கள் ஆகியோருக்காகவே ஐரோப்பாவில் ஆங்கிலிக்கன் வழிபாடு தொடங்கியது. 1633-இல் வெளிநாட்டுச் சபைகள் இலண்டன் பேராயரின் பொறுப்பில் வைக்கப்பட்டன. 1842-இல் தென் ஐரோப்பாவுக்காக ஜிப்ரால்ட்டர் திருமண்டலம் உருவாக்கப்பட்டது. ஜார்ஜ் டாம்லின்சன் அதன் முதல் பேராயரானார். வடக்கு, நடு ஐரோப்பியச் சபைகள் இலண்டனின் கீழேயே தொடர்ந்தன. 1926 முதல் அவற்றைக் கவனிக்க ஃபுல்ஹாம் துணைப் பேராயர் நியமிக்கப்பட்டார். 1970-இல் ஜான் சாட்டர்துவைட் இரு பொறுப்புகளையும் ஒருசேர ஏற்றார். 1980-இல் இரண்டும் சட்டப்படி இணைந்து இன்றைய திருமண்டலம் பிறந்தது.

நிர்வாக அமைப்பு

திருமண்டலத்தின் பேராலயம் ஜிப்ரால்ட்டரில் உள்ள தூய திரித்துவப் பேராலயமாகும். மால்ட்டாவின் வலெட்டாவில் உள்ள தூய பவுல் ஆலயமும், பிரசெல்சில் உள்ள தூய திரித்துவ ஆலயமும் இணைப் பேராலயங்கள். பேராயரின் அலுவலகம் பிரசெல்சிலும் திருமண்டல அலுவலகம் இலண்டனிலும் இயங்குகின்றன. பேராயருக்கு உதவியாகத் துணைப் பேராயர் ஒருவர் உண்டு.

இவ்வளவு பெரிய பரப்பை ஓரிருவர் நேரில் கண்காணிக்க இயலாது. எனவே திருமண்டலம் ஏழு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஓர் ஆர்ச்டீக்கனின் பொறுப்பில் விடப்பட்டுள்ளது. அவை: கிழக்கு, பிரான்சு, ஜிப்ரால்ட்டர், இத்தாலி–மால்ட்டா, ஜெர்மனி–வட ஐரோப்பா, வடமேற்கு ஐரோப்பா, சுவிட்சர்லாந்து.

இங்கிலாந்தில் ஒவ்வோர் ஊரும் ஏதேனும் ஒரு சேகரத்துக்குள் அடங்கும். ஐரோப்பாவில் அத்தகைய எல்லைகள் இல்லை. இங்குள்ள சபை 'சாப்ளின்சி' எனவும் அதன் குருவானவர் 'சாப்ளின்' எனவும் அழைக்கப்படுவர். வாக்காளர் பட்டியலில் பெயர் பதிந்த சபையார் ஆண்டுக் கூட்டத்தில் நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பர். திருமண்டலப் பெருமன்றமும் உண்டு. அதன் பிரதிநிதிகள் இங்கிலாந்து திருச்சபையின் பொதுப் பெருமன்றத்திலும் இடம்பெறுவர். ஆயினும் இத்திருமண்டலப் பேராயருக்குப் பிரித்தானியப் பிரபுக்கள் அவையில் இடம் கிடையாது.

நிதி

இத்திருமண்டலம் இங்கிலாந்திலுள்ள மற்றவற்றிலிருந்து மிகவும் வேறுபடுவது நிதியில்தான். இங்கிலாந்தில் சேகரங்கள் தங்கள் பங்குத் தொகையைத் திருமண்டலத்துக்கு அனுப்பும். குருமாருக்குச் சம்பளம் தருவது திருமண்டலம். தலைமுறைகளாகச் சேர்ந்த கோயில் நிலங்களின் வருமானமும் அதற்குத் துணை நிற்கும். வசதியான சேகரம் தரும் பணம் ஏழைச் சேகரத்தின் குருவானவரையும் தாங்கும்.

ஐரோப்பாவில் இம்முறை தலைகீழாக உள்ளது. அத்தகைய நில வருமானம் இங்கில்லை. குருவானவரின் சம்பளம், வீடு, ஓய்வூதியச் சந்தா, ஆலயப் பராமரிப்பு அல்லது வாடகை ஆகிய அனைத்தையும் அந்தந்தச் சபையே ஏற்க வேண்டும். அதற்கு மேல் திருமண்டலத்தின் பொது நிதிக்கும் பங்கு செலுத்த வேண்டும். அலுவலகம், பயிற்சி, சிறார் பாதுகாப்பு போன்ற பொதுப் பணிகள் அந்நிதியால் நடக்கின்றன. 1823-இல் தொடங்கிய ஒரு நற்செய்திச் சங்கத்தின் வழிவந்த இன்டர்கான்டினென்டல் சர்ச் சொசைட்டி, சில சபைகளில் குருமாரைத் தெரிவு செய்வதில் பங்கு கொள்கிறது.

எனவே காணிக்கை குறைந்தால் முதலில் பாதிக்கப்படுவது குருவானவரின் பணியிடமே. வேலை நிமித்தம் வந்தவர்கள் சில ஆண்டுகளில் ஊர் மாறுவதால், நிலையான உறுப்பினர் எண்ணிக்கையைக் காப்பது கடினம். முழுநேரக் குருவானவரை வைத்துக்கொள்ள இயலாத சபைகள், ஓய்வுபெற்ற குருமாரையும் உரிமம் பெற்ற பொதுநிலை ஊழியரையும் கொண்டு வழிபாட்டை நடத்துகின்றன. சொந்த ஆலயம் இல்லாத சபைகள் கத்தோலிக்க, லூத்தரன் ஆலயங்களில் இடம் பெற்றுக் கூடுகின்றன.

அரசுகளுடனான உறவு

திருமண்டலம் ஒன்றே எனினும் சட்டங்கள் நாட்டுக்கு நாடு மாறுபடும். பெல்ஜியத்தில் ஆங்கிலிக்கன் சமயம் அரசு அங்கீகாரம் பெற்றுள்ளதால், அங்கீகரிக்கப்பட்ட பணியிடங்களிலுள்ள குருமாருக்கு அரசே சம்பளம் வழங்குகிறது. பிரான்சில் 1905-ஆம் ஆண்டின் சமய–அரசு பிரிப்புச் சட்டப்படி அத்தகைய உதவி பொதுவாக இல்லை. இத்தாலியில் 2019-இல் அரசுடன் உடன்படிக்கை கையெழுத்தாகி, 2021-இல் சட்டமானது. ஒரே பணியைச் செய்யும் இரு குருமாரில் ஒருவருக்கு அரசும் மற்றவருக்குச் சபையாரும் சம்பளம் தருவது இதனால்தான்.

இன்றைய நிலை

2020 சனவரி 31 அன்று ஐக்கிய இராச்சியம் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியது. இடைக்காலம் முடிந்தபின், பிரித்தானியக் குருமார் ஒன்றிய நாடுகளில் பணியாற்ற அந்தந்த நாட்டின் விசா, பணி அனுமதி விதிகளுக்கு உட்பட வேண்டியதாயிற்று. நாடு விட்டு நாடு சென்று சிறு சபைகளுக்கு உதவும் தற்காலிகக் குருமாருக்கு இது கூடுதல் தடையாகும்.

மறுபுறம், சபைகளின் முகமும் மாறியுள்ளது. ஆங்கிலேயருக்காகத் தொடங்கிய பல சபைகளில் இன்று ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் கணிசமாக உள்ளனர். வெளியிலிருந்து பெரும் நிதியில்லாத இத்திருமண்டலத்தில், அவர்களின் காணிக்கையும் உழைப்புமே பல ஆலயங்களின் கதவு திறந்திருக்கக் காரணம்.