தோலின் துளை தெரியணுமா? குறைந்த செலவில் மேக்ரோ
பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் தோல் பர்ஸை ஆன்லைனில் விற்பவருக்கு ஒரு சிக்கல்: வாங்குபவர் தொட்டுப் பார்க்க முடியாது, போட்டோவைத்தான் நம்பணும். ஆட்டுத்தோலில் மயிர்த்துளைகள் கொத்துக் கொத்தாக வரிசைகட்டும். மாட்டுத்தோலில் ஏறக்குறைய சீராகப் பரவும். ரெக்சினில் ஒரே அச்சு திரும்பத் திரும்ப வரும். இந்த வித்தியாசத்தைக் காட்டத்தான் மேக்ரோ.

அதுக்காக 100 எம்எம் மேக்ரோ லென்ஸே வாங்கணுமா? கையில் 50 எம்எம் லென்ஸ் இருந்தால் எக்ஸ்டென்ஷன் டியூப் போதும். கண்ணாடியே இல்லாத வெறும் குழாய்தான். லென்ஸை சென்சாரிலிருந்து தள்ளிவைப்பதால் கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும். 50 எம்எம் நீளத்துக்குச் சேர்த்தால் பொருளின் நிஜ அளவே சென்சாரில் விழும். ஆனால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிடும், ட்ரைபாட் கட்டாயம். மின் இணைப்பு உள்ள டியூபாகப் பாருங்க. இல்லாவிட்டால் பல லென்ஸ்களில் அபெர்ச்சரை மாற்ற முடியாது.

மொபைல் கிளிப் லென்ஸ்? மலிவுதான், ஓரம் மங்கும். எதில் எடுத்தாலும் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வையுங்க. நேரா ஃபிளாஷ் அடிச்சா துளையே தெரியாது.