வெயிலைத் தவிர்க்க முடியாதவர்களின் ஒற்றைத் தலைவலி

ஒற்றைத் தலைவலி என்று மருத்துவரிடம் போனால் மருந்துச் சீட்டோடு சில அறிவுரைகளும் கிடைக்கும். வெயிலில் அலையக் கூடாது. வேளை தவறாமல் சாப்பிட வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் தூங்கி ஒரே நேரத்தில் எழ வேண்டும். இரைச்சலும் கடும் வாசனையும் ஆகாது. வலி வந்துவிட்டால் இருட்டறையில் படுத்திருக்க வேண்டும். எல்லாமே சரியான அறிவுரைகள்தான். ஆனால் கொசஸ்தலையாறு கடலில் சேரும் முகத்துவாரத்தை ஒட்டி, சென்னை எண்ணூரின் வடகோடியில் இருக்கும் நெட்டுக்குப்பத்தில் இவற்றை யாரால் கடைப்பிடிக்க முடியும்? பொழுது விடியுமுன் படகு இறங்குகிறது. காசிமேட்டில் ஏலம் எடுத்து மீன் விற்கும் பெண், ஊர் உறங்கும் நேரத்தில் கூடையோடு கிளம்பி, உச்சி வெயில்வரை தெருவில் நிற்கிறார். ஆலைக்கும் துறைமுகத்துக்கும் ஒப்பந்த வேலைக்குப் போகிறவருக்கு ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறுவாரம் இரவு ஷிப்ட். கன்டெய்னர் லாரிகளின் ஓசையும் ஆலைகளின் நெடியும் வீட்டுக்குள் வரும். ஓர் அறை, ஒரு சமையலிடம் என்று அமைந்த வீட்டில் இருட்டறைக்கு எங்கே போவது? வலியைத் தூண்டும் காரணங்களைத் தவிர்க்க வசதி உள்ளவர்களைவிட அந்த வசதி இல்லாதவர்களுக்குத்தான் தடுப்பு மருந்து அதிகம் தேவைப்படுகிறது. அந்த மருந்தை சுகர், பி.பி.க்குக் கொடுப்பதுபோல் மாதம் தவறாமல், பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் இது என்ன நோய் என்று பார்ப்போம். சாதாரணத் தலைவலி முற்றி ஒற்றைத் தலைவலி ஆவதில்லை. பிறவியிலேயே எளிதில் தூண்டப்படும் தன்மை கொண்ட மூளைக்கு வரும் நரம்புநோய் இது. குடும்பத்தில் தொடர்வது வழக்கம். முகத்துக்கும் மூளையின் உறைகளுக்கும் உணர்ச்சி தரும் ட்ரைஜெமினல் நரம்பு கிளர்ந்தெழுந்து, சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத் துணுக்கை வெளியிடுகிறது. வலி அங்கிருந்து பெருகுகிறது. மருந்து எடுக்காவிட்டால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். பெரும்பாலும் ஒரு பக்கமாக, நாடி துடிப்பதுபோல் தெறிக்கும், மாடிப்படி ஏறினால்கூட அதிகமாகும், குமட்டும், வெளிச்சமும் சத்தமும் பொறுக்காது. சிலருக்கு வலி வருமுன் கண்ணில் வளைந்து நெளிந்த ஒளிக்கோடுகள் தெரியும். இந்தியாவில் 2019-இல் சுமார் 21 கோடிப் பேருக்கு இந்த நோய் இருந்ததாக, உலக நோய்ச்சுமை ஆய்வின் அடிப்படையில் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான கணக்கு சொல்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் கர்நாடகத்தில் நகரத்திலும் கிராமத்திலும் வீடு வீடாகச் சென்று 2,329 பேரிடம் விசாரித்தபோது, பெரியவர்களில் நாலில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் ஒற்றைத் தலைவலி வந்திருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு மூன்று மடங்கு அதிகம். மாதவிலக்கை ஒட்டி ஈஸ்ட்ரோஜன் இறங்கும் நாட்களில் கூடுதலாக வரும்.

இவ்வளவு பரவலான நோய் கண்ணில் படாமல் போவதற்குக் காரணம், அது வேறு பெயர்களில் நடமாடுவதுதான். தலையில் நீர் கோத்துக்கொண்டது, பித்தம் ஏறிவிட்டது, கண்ணாடி போட்டால் சரியாகிவிடும், சைனஸ் என்று வீட்டுக்கு ஒரு விளக்கம் இருக்கும். பத்து போடுவதும் தைலம் தேய்ப்பதும் இதமாக இருக்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் நோயின் பெயர் தவறினால் மருந்தும் தவறிவிடுகிறது. அமெரிக்காவில் தங்களுக்கு சைனஸ் தலைவலி என்று தாங்களே நம்பிய, அல்லது மருத்துவரே அப்படிச் சொல்லியிருந்த 2,991 பேரைப் பரிசோதித்த ஆய்வு 2004-இல் வெளியானது. அவர்களில் 88 சதவீதம் பேரிடம் இருந்தவை ஒற்றைத் தலைவலியின் அறிகுறிகள். வலியின்போது மூக்கு ஒழுகுவதும் கண்ணில் நீர் வடிவதும் அதே நரம்பின் வேலை என்பதால் இந்தக் குழப்பம் நேர்கிறது. ஆண்டுக்கணக்கில் சைனஸ் மாத்திரை விழுங்கியும் வலி விடவில்லை என்பவர்கள் இந்தக் கோணத்தில் ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

பெயர் தவறிய நோய்க்கு மருத்துவராக ஆகிவிடுவது தெருமுனை மெடிக்கல் கடை. வேலைக்குப் போயே தீரவேண்டிய நாளில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாது. ஆனால் அந்த மாத்திரையே நோயை வளர்க்கும் என்பதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை. பாராசிட்டமால், இபுபுரூஃபென் போன்ற தனி மாத்திரைகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, பல மருந்துகள் கலந்த மாத்திரைகளை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் எடுத்தால், மருந்து மிகுதியால் வரும் தலைவலி என்ற புதுச் சிக்கல் சேரலாம். நம் ஊரில் தலைவலிக்கு அதிகம் விற்பவற்றில் காஃபீன் கலந்த கூட்டு மாத்திரைகள் உண்டு. சிலவற்றில் எர்கோட்டமின் என்ற பழைய மருந்தும் சேர்ந்திருக்கும். எர்கோட்டமின் ரத்தக் குழாயைச் சுருக்குவது. இதய நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் கூடாது. மாதம் நான்கு முறை வந்த வலி பதினைந்து நாளாகப் பெருகி, காலையில் எழும்போதே தலை கனத்திருந்தால், விழுங்கும் மாத்திரைகளை எண்ணிப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இனி நல்ல செய்தி. இதற்குப் பயன்தரும் மருந்துகளில் பெரும்பாலானவை பழையவை, விலை குறைந்தவை. வலி தொடங்கிய உடனே, முழு அளவில் எடுக்கும் ஆஸ்பிரின் 1,000 மில்லிகிராம் இரண்டு மணி நேரத்தில் நூற்றுக்கு 24 பேருக்கு வலியை அறவே நீக்குகிறது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 11 பேருக்குத்தான் அது நடக்கிறது. ஒற்றைத் தலைவலிக்கென்றே உருவான சுமாட்ரிப்டான் 50 மில்லிகிராமில் அது 28 பேர். பல சோதனைகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் மறுஆய்வுகள் தரும் இந்த எண்களைப் பார்த்தால், விலை அதிகமான மருந்துக்கும் மலிவான மருந்துக்கும் இடையே பெரிய தூரமில்லை. குடல்புண் உள்ளவர்களுக்கும் சிறுவர்களுக்கும் ஆஸ்பிரின் ஆகாது. காய்ச்சலோடு வரும் தலைவலிக்கும் வேண்டாம், அது டெங்குவாக இருக்கலாம். இதயக் கோளாறு, பக்கவாதம் வந்தவர்களுக்கு சுமாட்ரிப்டான் கூடாது. மாதத்தில் நான்கு நாளுக்கு மேல் வேலையைக் கெடுக்கும் வலி வந்தால் தடுப்பு மருந்தைப் பற்றிப் பேச வேண்டும். நெஞ்சுவலிக்குக் கொடுத்த ப்ரோப்ரனலால் தலைவலியையும் குறைத்தது 1960-களில் தற்செயலாகத் தெரியவந்தது. அதுவும், மனச்சோர்வுக்கு உருவாகி இங்கே மிகக் குறைந்த அளவில் பயன்படும் அமிட்ரிப்டிலினும், இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இந்த நோய்க்கென்றே இடம்பெற்றுள்ளன.

எதைத் தேர்வது என்பதில்தான் நோயாளியின் தொழிலும் ஊரும் கணக்கில் வரவேண்டும். வீசிங் உள்ளவருக்கு ப்ரோப்ரனலால் ஆபத்து. புகைக்கும் நெடிக்கும் நடுவே வாழும் இந்தப் பகுதியில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் அதை எழுதவே கூடாது. அமிட்ரிப்டிலின் தூக்கம் தரும். விடியற்காலையில் படகில் நிற்க வேண்டியவர் முன்னிரவிலேயே அதை எடுத்துவிட வேண்டும். குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்ணுக்கு வால்ப்ரோயேட் என்ற இன்னொரு தடுப்பு மருந்தைக் கொடுப்பது கருவுக்குக் கேடு. ஒளிக்கோடுகளோடு வலி வரும் பெண்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைத் தவிர்க்க வேண்டும், பக்கவாத அபாயம் கூடும். தடுப்பு மருந்து இரண்டு மாதமாவது தொடர்ந்தால்தான் பலன் தெரியும். வலிநாட்கள் பாதியாகக் குறைந்தால் அதை வெற்றி என்றே மருத்துவம் கணக்கிடுகிறது. முழுக்க நின்றுவிடும் என்று எதிர்பார்த்து இரண்டு வாரத்தில் கைவிடுகிறவர்கள் ஏராளம். பலருக்கு ஆறு மாதம், ஓராண்டு கழித்துப் படிப்படியாக நிறுத்திப் பார்க்கலாம். ஆகவே வாழ்நாள் முழுக்க மாத்திரையா என்ற பயம் வேண்டியதில்லை. சி.ஜி.ஆர்.பி.யைத் தடுக்கும் ஊசிகள் 2018 முதல் வந்துவிட்டன. உண்மையிலேயே நல்ல மருந்துகள், ஆனால் மாதம் ஆயிரக்கணக்கில் செலவாகும். பழைய மருந்தையே ஒழுங்காகப் பெறாதவர்களுக்கு அதைக் காட்டி ஆசைப்படுத்துவதில் நியாயமில்லை.

இந்த இடத்தில் ஒரு வலுவான மறுப்பு எழும். எண்ணூரில் தலைவலிக்குக் காரணம் ஆலைகள் அல்லவா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் முகத்துவாரத்தில் படர்ந்து, படகும் வலையும் கறுத்தன. எண்ணெயை அள்ள மீனவர்களே இறங்கினார்கள். அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்திலும் சுற்று ஊர்களிலும் மக்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடினார்கள். அப்படியிருக்க, இதை ஒரு தனிமனித நோய் என்று சொல்லி மாத்திரை கொடுப்பது ஆலைகளைத் தப்பவிடும் வேலை ஆகாதா என்பது கேள்வி. கேள்வியின் கோபம் நியாயமானது. ஆனால் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாயு கசிந்தால் ஒரு வீட்டில், ஒரு தெருவில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலிக்கும், கண் எரியும். அது நச்சுப் பாதிப்பு, அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர்கள் வேறு. பல ஆண்டுகளாக ஒருவருக்கு மட்டும், குமட்டலோடு திரும்பத் திரும்ப வருவது ஒற்றைத் தலைவலி. நெடியும் வெயிலும் அதைத் தூண்டிவிடுகின்றன. ஆதாரம் எவ்வளவோ அவ்வளவுதான் சொல்ல வேண்டும். பாஸ்டனில் தலைவலிக்காக அவசரப் பிரிவுக்கு வந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து 2009-இல் வெளியான ஆய்வில், வெப்பம் 5 டிகிரி கூடும்போது அபாயம் 7.5 சதவீதம் கூடியது. காற்று மாசுக்கும் தலைவலிக்கும் தெளிவான தொடர்பு தெரியவில்லை. ஒரு நகரத்தின் ஆய்வு எண்ணூருக்குத் தீர்ப்பாகாது. அதற்காக, மாசுதான் இந்த நோயை உண்டாக்குகிறது என்று அடித்துச் சொல்லிவிடவும் முடியாது. சுகாதார நிலையத்தில் தலைவலி தேதி வாரியாகப் பதிவானால்தான் கசிவு நடந்த இரவுக்கும் மற்ற இரவுக்கும் உள்ள வித்தியாசம் காகிதத்தில் நிற்கும். பசுமைத் தீர்ப்பாயத்தின் முன்னால் குப்பத்து மக்களின் வாய்ச்சொல்லைவிட அந்தப் பதிவுக்கு எடை அதிகம். ஆக, சிகிச்சை கேட்பது ஆலைக்கு எதிரான வழக்கைப் பலவீனப்படுத்தாது. காற்று சுத்தமாகும்வரை வலியோடு காத்திரு என்று ஒரு பெண்ணிடம் சொல்லும் உரிமையும் யாருக்கும் கிடையாது.

உயிருக்கு ஆபத்தில்லாத நோய்க்கு, காசநோயும் பி.பி.யும் சுகரும் வரிசையில் நிற்கும் சுகாதார நிலையத்தில் இடமேது என்பது அடுத்த மறுப்பு. உயிர் போகாது என்பது உண்மை. ஆனால் உலக அளவில் 50 வயதுக்குட்பட்ட பெண்களை முடக்கும் நோய்களில் இது முதலிடத்தில் இருப்பதாக நோய்ச்சுமைக் கணக்குகள் காட்டுகின்றன. சுகாதார நிலையத்துக்குக் கூடும் வேலைச்சுமையும் நினைப்பதுபோல் பெரிதல்ல. கடந்த மூன்று மாதத்தில் தலைவலியின்போது குமட்டியதா, வெளிச்சம் தொந்தரவு செய்ததா, ஒரு நாளாவது வேலை தடைப்பட்டதா என்ற மூன்று கேள்விகள் போதும். இரண்டுக்கு ஆமாம் என்றவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ஒற்றைத் தலைவலி இருந்ததாக, அமெரிக்கப் பொது மருத்துவர்களிடம் 2003-இல் இந்தக் கேள்விகளைச் சோதித்த ஆய்வு காட்டியது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்கள் பி.பி. கருவியோடு வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். இந்த மூன்று கேள்விகளைக் கேட்கக் கூடுதல் கருவி எதுவும் வேண்டாம்.

ஸ்கேன் எடுக்காமல் மருந்து தரலாமா என்ற அச்சமும் உண்டு. ஆண்டுக்கணக்காக ஒரே மாதிரி வந்துபோகும் வலியில், நரம்புப் பரிசோதனை சரியாக இருந்தால் ஸ்கேன் பெரும்பாலும் எதையும் காட்டுவதில்லை, பணம்தான் கரைகிறது. ஸ்டான்லி மருத்துவமனைக்கு அந்த நிமிடமே ஓட வேண்டிய தலைவலி வேறு: நொடிப்பொழுதில் உச்சத்துக்குப் போவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, கை கால் செயலிழப்பது, பேச்சு குழறுவது, அடிபட்ட பின் வருவது. கர்ப்ப காலத்திலோ பிரசவமான சில வாரங்களிலோ புதிதாக வரும் கடும் வலியும் இந்த வகைதான்; மூளைச் சிரையில் ரத்தம் உறைந்திருக்கக்கூடும். பிள்ளை பெற்றவளுக்குத் தலையில் குளிர் ஏறிவிட்டது என்று அதை விட்டுவிடக் கூடாது. 50 வயதுக்கு மேல் முதன்முறையாகத் தொடங்கும் தலைவலியையும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வலியோடு வாழ்கிறவருக்கு வீட்டிலும் வேலையிடத்திலும் வேண்டிய ஆதரவு, அவரை நம்புவதில் தொடங்குகிறது. ரத்தமும் இல்லை, வீக்கமும் இல்லை, மறுநாள் எழுந்து நடமாடுகிறார் என்பதால் நடிப்பு என்று சொல்லிவிடுகிறார்கள். ஒப்பந்த மேற்பார்வையாளர் சம்பளம் பிடிக்காமல் அரை மணி நேரம் உட்காரவிட்டு மாத்திரை போட இடம் கொடுத்தால், பல நேரம் அந்த ஷிப்ட் முழுதும் மிஞ்சும். வலி வந்த நாளில் சமையலையும் குழந்தையையும் வேறொருவர் பார்த்துக்கொள்வதும் சிகிச்சையில் சேர்த்தி.

1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருகிறது. தடுப்பு மருந்துகளைத் திருவொற்றியூர் மண்டலத்தின் ஒவ்வொரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தட்டுப்பாடின்றிக் கிடைக்கச் செய்யட்டும்; தொற்றா நோய் நாளில் தலைவலிக்கும் ஒரு பதிவேடு திறக்கட்டும். நரம்பியல் மருத்துவரைப் பார்க்கத் தேவையுள்ள சிலரை மட்டும் ஸ்டான்லிக்கு அனுப்பினால் போதும். அதுவரை நோயாளிகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: வலி வந்த தேதி, நீடித்த நேரம், போட்ட மாத்திரை மூன்றையும் காலண்டரில் குறித்துவையுங்கள். ஒரு மாதக் குறிப்பையும் காலியான மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போய், தடுப்பு மருந்து எனக்குப் பொருந்துமா என்று கேளுங்கள்.