விளையாட்டில் பிறந்த குற்றக் கதைகள்

நாவலிலிருந்து நாடகமும், நாடகத்திலிருந்து திரைப்படமும் பிறப்பதை நாம் அறிவோம். வீடியோ விளையாட்டு ஒன்றிலிருந்து நல்ல சிறுகதைகள் பிறந்த செய்தியை இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

2011-ஆம் ஆண்டில் 'எல். ஏ. நுவார்' என்னும் விளையாட்டு வெளிவந்தது. அதை உருவாக்கிய நிறுவனம் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்தது. கதை நிகழும் களமோ 1947-ஆம் ஆண்டின் அமெரிக்க நகரமான லாஸ் ஏஞ்சல்ஸ். ஆடுபவர் கோல் பெல்ப்ஸ் என்னும் துப்பறிவாளராக மாறித் தடயங்களைத் தேடுகிறார், சம்பந்தப்பட்டவர்களை விசாரிக்கிறார். எதிரே இருப்பவர் சொல்வது மெய்யா, ஐயத்துக்குரியதா, பொய்யா என்று முகக்குறிப்பைக் கொண்டு உணரவேண்டும். பொய் என்று சாட்டினால் தடயமும் காட்டவேண்டும். இதற்கென்றே நடிகர்களைச் சுற்றி 32 காமிராக்களை நிறுத்தி, இமைத் துடிப்பையும் உதட்டுச் சுழிப்பையும்கூடப் பதிவு செய்தனர். முகத்தை இவ்வளவு நம்பலாமா என்பது வேறு வழக்கு. பொய் சொல்லும் பிள்ளையைவிட, பயந்த பிள்ளையே அதிகமாக விழிப்பான் என்பதை வகுப்பறையில் நெடுங்காலம் நின்றவர்கள் அறிவார்கள்.

அதே ஆண்டில், ஜோனதன் சாண்ட்லோபர் தொகுத்த எட்டுக் கதைகள் இவ்விளையாட்டின் பெயரிலேயே நூலாக வந்தன. மேகன் அபாட், லாரன்ஸ் பிளாக் முதலிய தேர்ந்த கைகள் எழுதியவை. விளம்பரத்துக்காகப் பிறந்த நூல்தானே என்று ஒதுக்கிவிட முடியாதபடி செய்வது, ஜாய்ஸ் கரோல் ஓட்ஸ் எழுதிய 'கருப்பு டாலியாவும் வெள்ளை ரோஜாவும்' என்னும் கதை.

எலிசபெத் ஷார்ட் என்ற 22 வயதுப் பெண், 1947 ஜனவரி 15 அன்று, லாஸ் ஏஞ்சல்ஸில் கொடூரமாகக் கொலையுண்டு கிடந்தாள். 'கருப்பு டாலியா' என்னும் மலரின் பெயரால் பத்திரிகைகள் அவளைப் பிரபலமாக்கின. கொன்றவர் யார் என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. விளையாட்டோ கற்பனையான ஒரு கொலையாளியைக் காட்டி வழக்கை முடித்துவிடுகிறது. பல மணி நேரம் உழைத்த ஆட்டக்காரரை வெறுங்கையுடன் அனுப்ப முடியாதல்லவா?

சிறுகதைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஓட்ஸ் அவர்கள் துப்பறிவாளரை முன்னிறுத்தவில்லை. மாண்ட பெண்ணையே பேச வைக்கிறார். பின்னாளில் மர்லின் மன்றோ எனப் புகழ்பெற்ற நார்மா ஜீன் பேக்கரை, அவளோடு ஒரே அறையில் வசித்த தோழியாகக் கற்பனை செய்கிறார். வெள்ளை ரோஜா அவள்தான். சினிமா வாய்ப்புக்கு ஏங்கிய இரு ஏழைப் பெண்கள். ஒருத்தி திரையில் ஏறினாள், மற்றவள் தலைப்புச் செய்தியானாள். விளையாட்டில் பிணமாகவும் தடயமாகவும் மட்டுமே கிடந்தவளுக்கு இங்கே ஆசையும் அசட்டுத்தனமும் பொறாமையும் உண்டு. அதுவே என்னை அக்கதையில் நிறுத்தியது.

2012-இல் ஓட்ஸ் வெளியிட்ட தம் சொந்தத் தொகுதிக்கும் இக்கதையின் தலைப்பையே சூட்டினார். விளையாட்டுப் பொறியைக் கையால் தொட்டறியாத என்போன்றவர்களும் அதில் இதனைப் படிக்கலாம்.