எத்தனை குடித்தனம்?

பெங்களூரில் வீடு கட்டுவது என்றாலே முப்பதுக்கு நாற்பது மனைதான் பேச்சு. 1,200 சதுர அடி. நாம் ஒரு மாடியில் இருந்துகொண்டு, மற்றதை வாடகைக்கு விட்டு வங்கித் தவணையை ஓட்டுவது நம்மவர் பலர் கண்ட வழி. நானும் அப்படித்தான் கட்டினேன். எத்தனை குடித்தனம் என்பதில்தான் எனக்கும் மேஸ்திரிக்கும் இரண்டு மாதம் இழுபறி.

"அஞ்சு போர்ஷன் போடுங்க சார், கடன் சீக்கிரம் அடையும்" என்றார், தர்மபுரிக்காரர். பணக் கணக்கில் தப்பில்லை. எனக்கு ஓய்வு பெற நான்கு ஆண்டு. கடனோ பன்னிரண்டு ஆண்டு. ஆனால் நான் பார்த்தது தண்ணீர்க் கணக்கு. நகரங்களில் தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைப்பார்கள். வீட்டுக்கு நான்கு பேர் என்றால் ஐந்து குடித்தனத்துக்கு 2,700 லிட்டர், மூன்றுக்கு 1,620. காவிரியோ சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேடேற்றப்பட்டு வருகிறது. 2024 கோடையில் போர்வெல்கள் வற்றி, லாரித் தண்ணீருக்கு அரசே விலை நிர்ணயிக்க நேர்ந்ததை இங்குள்ளவர்கள் மறந்திருக்க முடியாது. எங்களையும் சேர்த்து மூன்றோடு நிறுத்தினோம்.

மழையையும் விடவில்லை. இவ்வூருக்கு ஆண்டு மழை ஏறத்தாழ 970 மில்லிமீட்டர். 900 சதுர அடி மொட்டைமாடியில் அது 80,000 லிட்டர். வீணாவது போக ஒரு மாதத் தேவைக்குக் குறையாது. வடிகட்டித் தொட்டிக்கு விட்டு, மிகுவதை மண்ணுக்குள் இறக்கினோம்.

மற்ற யோசனைகள் என் மனைவியுடையவை. இருபது வருடம் வாடகை வீட்டில் இருந்தவள் அல்லவா! ஒரு வீட்டில் மோட்டார் சுவிட்ச் வீட்டுக்காரர் சமையலறையில் இருந்தது. அவர்கள் ஊருக்குப் போனால் நாங்கள் குடத்தோடு தெருவில். எங்கள் சுவிட்ச் மாடிப்படி அருகே, எல்லோர் கைக்கும் எட்டும்படி. படிக்கட்டு வெளிப்புறம், யாரும் எங்கள் கூடத்தைக் கடக்க வேண்டாம். மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் தனித்தனி மீட்டர். மாதாமாதம் சண்டை மிச்சம்.

பத்து மாத அட்வான்ஸை வாங்கி மேல்தளப் பூச்சுக்குப் போடுங்கள் என்று நண்பர்கள் சொன்னார்கள். அவர்கள் காலி செய்யும் அன்று எதைக் கொடுப்பது? ஐந்து மாதம்தான் கேட்டேன். அதையும் வங்கியில் தனியே போட்டிருக்கிறேன். பூச்சு வேலை தாமதமாகத்தான் முடிந்தது.

தரைத்தளத்தில் குடிவந்துவிட்டார்கள். இரண்டாம் மாடி இன்னும் காலி. அதன் தவணைப் பங்கு இப்போதைக்குச் சம்பளத்திலிருந்து போகிறது.