கூடினால் மீளலாம்

பேரா மாநிலத்தில் உள்ள பத்து காஜா, ஈயத்திற்கும் இரப்பருக்கும் பெயர் பெற்ற வட்டாரம். இதைச் சுற்றியிருந்த தோட்டங்களில் நம் முன்னோர் பலர் பால்மரம் சீவி வாழ்ந்தனர். அன்றைய மலாயாவில் தோட்டத்துக்குக் கோயிலும் பள்ளியும் இருந்ததுபோல் கள்ளுக்கடையும் இருந்தது. பாடுபட்டு ஈட்டிய கூலியில் ஒரு பகுதி அங்கேயே கரைந்தது. இதனை எதிர்த்து 1947-ஆம் ஆண்டில் கெடா மாநிலத் தோட்டத் தொழிலாளர்கள் ஒன்றுகூடிக் கள்ளுக்கடை மறியல் செய்தனர்.

இன்று தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைத் தோட்டங்களாகவும் மாறிவிட்டன. ஆயினும், குடியால் வாடும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. கடையை மூடிவிடலாம். ஆனால், குடிக்கு அடிமையானவரின் உள்ளத்தில் எழும் ஏக்கத்தை எவ்வாறு தணிப்பது?

“மனம் வைத்தால் விட்டுவிடலாமே” என்று பலர் எளிதாகச் சொல்வர். ஆனால், குடிக்கு அடிமையாவது ஒரு நோய் என்கிறது மருத்துவ உலகம். நீண்ட நாள் குடித்தவரின் மூளையும் உடலும் மதுவுக்குப் பழகிவிடுகின்றன. அத்தகையவர் திடீரென்று குடியை நிறுத்தினால் கைநடுக்கம், மனக்குழப்பம், வலிப்பு ஆகியவை ஏற்படலாம். சிலருக்கு உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே, முதலில் மருத்துவரைக் காண்பது மிக அவசியம். உடல் தேறிய பிறகு, மீண்டும் குடிக்காமல் இருப்பதற்குத் துணை தேவைப்படுகிறது. அத்துணையைத் தருவதே ஆதரவுக் குழு.

இத்தகைய குழு எவ்வாறு தோன்றியது? 1935-ஆம் ஆண்டு, அமெரிக்கரான பில் வில்சன் தொழில் நிமித்தமாக ஆக்ரன் நகருக்குச் சென்றார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. அங்கே தொழில் முயற்சி தோல்வியடைந்தது. தங்கியிருந்த விடுதியின் மதுக்கூடம் அவரை ஈர்த்தது. உடனே அவர் தொலைபேசியை எடுத்தார். தம்மைப்போலவே குடியால் துன்பப்படும் ஒருவரிடம் பேச வேண்டும் என்று கேட்டார். அவ்வாறு அறிமுகமானவர்தான் மருத்துவர் பாப் ஸ்மித். இருவரும் பல மணி நேரம் மனம்விட்டுப் பேசினர். அந்தச் சந்திப்பிலிருந்து ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் அமைப்பு பிறந்தது. ‘பெயர் வெளியிடாத குடிநோயாளிகள்’ என்பது அதன் பொருள். இன்று மலேசியா உட்படப் பல நாடுகளில் இக்குழுவினர் கூடுகின்றனர். தமிழ்நாட்டில் தமிழிலேயே கூட்டங்கள் நடைபெறுகின்றன.

முதன்முறை செல்பவருக்குத் தயக்கம் இருப்பது இயல்பே. ‘தெரிந்தவர் யாரேனும் பார்த்துவிட்டால் என்ன செய்வது?’ என்ற அச்சமும் எழும். எனவேதான் இக்கூட்டங்களில் முழுப்பெயர் கேட்பதில்லை. அங்குக் கேட்டதை வெளியில் சொல்லக்கூடாது என்பது வழக்கம். கட்டணம் இல்லை. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் போதும். ஒருவர் தம் அனுபவத்தைக் கூறும்போது மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்கின்றனர். பேச விரும்பாதவர் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ‘வாழ்நாள் முழுவதும் குடிக்கமாட்டேன்’ என்று சத்தியம் செய்யச் சொல்வதில்லை. ‘இன்று ஒருநாள் குடிக்காமல் இருப்போம்’ என்பதே அவர்களின் வழி. ஒருவர் இடையில் வழுக்கி மீண்டும் குடித்துவிட்டாலும், அடுத்த கூட்டத்தில் அவருக்கு நாற்காலி உண்டு.

பத்து காஜா போன்ற ஊரில் வசிப்பவர் இவ்வுதவியை எங்கிருந்து தேடத் தொடங்கலாம்? அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக் அல்லது மருத்துவமனையே முதற்படி. தேவைப்பட்டால் மருத்துவர் மனநலப் பிரிவுக்கு அனுப்பிவைப்பார். ஆதரவுக் குழுவைப் பற்றியும் அவரிடமே விசாரிக்கலாம். பக்கத்தில் குழு இல்லையெனில், இணையவழிக் கூட்டங்களில் கலந்துகொள்ளலாம்.

குடிப்பவர் ஒருவர்; துன்பப்படுவதோ குடும்பம் முழுவதும். குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், 1980-ஆம் ஆண்டு சென்னையில் டி.டி. ரங்கநாதன் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கு நோயாளியோடு அவர்தம் குடும்பத்தினருக்கும் ஆலோசனை வழங்கப்படுகிறது. குடும்பத்தினருக்கான ‘அல்-அனான்’ குழு 1951-இலும், பதின்ம வயதினருக்கான ‘அலட்டீன்’ குழு 1957-இலும் தோன்றின.

வீட்டில் இத்தகைய சிக்கல் உள்ள மாணவர் ஒன்றை உணர வேண்டும். பெற்றோர் குடிப்பதற்குப் பிள்ளைகள் காரணமல்லர். அதைத் தனியாக நிறுத்தும் பொறுப்பும் அவர்களுடையதன்று. புட்டியை ஒளித்துவைப்பதாலோ போதையில் இருப்பவரிடம் வாதிடுவதாலோ பயன் இல்லை. அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில், நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரின் துணையோடு பேசலாம். பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் மனம் திறக்கலாம். வீட்டில் அடி, உதை என்ற நிலை ஏற்பட்டால், 15999 என்ற ‘தாலியான் காசே’ எண்ணை அழைக்கலாம்.

அன்று தோட்டத் தொழிலாளர்கள் ஒன்றுகூடியே கள்ளுக்கடையை எதிர்த்தனர். குடிநோயிலிருந்து மீள்வதற்கும் அவ்வொற்றுமையே கைகொடுக்கும். உதவி கேட்பது வெட்கமன்று. மீட்சியின் தொடக்கம் அதுவே.